கோமாளி மீனின் குடும்பம்

மயிலாப்பூரில் உள்ள நம் நண்பர் ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் முன்பெல்லாம் ஊஞ்சல்தான் பிரதான ஸ்தானம் வகித்து வந்தது. நாலு வருஷங்களுக்கு முன் ஒரு மாலை அங்கே போனபோது ஊஞ்சலைச் சீந்துவாரில்லை. வீட்டார் அனைவரும், அடுத்த வீட்டு மாமி உள்பட, சுவரோரமாக வைத்திருந்த ஒரு கண்ணாடித் தொட்டியைச் சூழ்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு மீன். விரல் நீளந்தான் இருக்கும். ஆனால் அதன் நிறத்தை என்னென்பது! நன்றாய்ப் பழுத்த கமலா ஆரஞ்சின் வர்ணம். அதன் மேல் பளிச்சென்று மூன்று வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் மை தீட்டினாற் போல் மெல்லிய கறுப்புக் கரை. நடையோ அதைவிட வேடிக்கை. மற்ற மீன்களைப் போல் வழுக்கிக்கொண்டு போகாமல், நடை பழகும் குழந்தை மாதிரி இப்படியும் அப்படியும் உடலை ஆட்டி ஆட்டிச் சென்றது.

"விபூதியைக் குறுக்கே இட்டுக்கொள்ளாமல் நெடுக்கே இட்டுக்கொண்டிருக்கிறதே!" என்றாள் நண்பரின் தாயார். நண்பரின் பத்து வயதுப் பெண் அதற்கு முன்பே நாமகரணம் செய்து முடித்துவிட்டாள். "இதன் பெயர் பபூன், மாமா!" என்று நம்மிடம் அறிவித்தாள். பொருத்தமான பெயர்தான். உலகத்தார் இந்த மீனைக் கோமாளி மீன் என்றுதான் அழைக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் பபூன் இறந்துபோயிற்று. முதலில் ஆகாரத்தைத் தொடவில்லையாம்; பிறகு நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிற்றாம்; விடிந்து பார்த்தால் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்ததாம். குழந்தை இரண்டு நாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. நண்பருக்கோ மிகுந்த ஆற்றாமை. "கடைக்காரர் சொன்னபடி உப்பைக் கரைத்தேன், மோட்டார் வைத்தேன், விளக்குப் போட்டேன், வேளைக்கு வேளை தீனியும் போட்டேன். இன்னும் என்னதான் செய்திருக்க வேண்டும்?" என்று நம்மைக் கேட்டார். அப்போது நமக்குப் பதில் தெரியவில்லை. கோமாளி மீனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க, அந்த விரல் நீள மீனுக்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பக் கதையே இருக்கிறதென்று தெரிந்தது.

முள் வீடு

சூடான கடல்களில், வெயில் படும் ஆழத்தில், பவளப்பாறைகள் வளர்கின்றன. மன்னார் வளைகுடாவில் இவற்றைப் 'பார்' என்பார்கள். அந்தப் பாறைகளிடையே கடற்சாமந்தி என்றொரு பிராணி உண்டு. பெயரும் உருவமும் மலருடையவை, குணம் வேறு. அது இதழ் போல் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில் கண்ணுக்குத் தெரியாத விஷ முட்கள் ஆயிரக் கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. சிறு மீன் ஒன்று தெரியாமல் உரசினால் போதும்; முட்கள் பாய்ந்து அதை மயக்கிவிடும்; பிறகு அது சாமந்தியின் வாய்க்குள்தான்.

இத்தகைய இடத்தைத்தான் கோமாளி மீன் தன் வீடாக வைத்துக்கொண்டிருக்கிறது! கட்பர்ட் காலிங்வுட் என்ற ஆங்கிலேய இயற்கை நூலார் சீனக் கடலில் பிரயாணம் செய்தபோது இந்த அதிசயத்தைக் கண்டு 1868-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பெரிய கடற்சாமந்திக்குள் மீன் உயிரோடு புகுந்து புறப்படுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வியப்பாயிராது?

இதன் ரகசியம் மீனின் மேனியைப் போர்த்தியிருக்கும் வழவழப்பில் இருக்கிறது. சாதாரண மீன்களின் வழவழப்பில் ஸியாலிக் அமிலம் என்ற ஒரு பொருள் உண்டு. சாமந்தியின் முட்களைத் தூண்டிவிடும் பொருள்களில் அதுவும் ஒன்று. கோமாளி மீனின் வழவழப்பில் அது மிகக் குறைவு என்று அண்மைக்கால ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது. அப்படியிருந்தும், புது வீட்டுக்குள் அது அவசரப்பட்டு நுழைவதில்லை. முதலில் வாலால் தொட்டுப் பார்க்கும். பின்பு வயிற்றால் உரசும். மெதுவாகப் பழகிக்கொண்ட பிறகே உள்ளே போகும்.

குடியிருப்பவர் வாடகையும் ஒழுங்காய்க் கொடுத்துவிடுகிறார். சாமந்தியின் கைகளைக் கடித்துத் தின்ன வரும் மீன்களைத் துரத்துகிறார். அவருடைய கழிவுப் பொருள்கள் சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகளுக்கு உரமாகின்றன. இரவில் சாமந்தியின் கைகளிடையே அவர் உடலை அசைத்துக்கொண்டேயிருப்பதால் நீர் ஓட்டமும் பிராணவாயுவும் கிடைக்கின்றன. சொந்தக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இவ்வளவு ஒற்றுமையைச் சென்னை நகரத்தில் நாம் கண்டதில்லை.

கோமாளி மீன்களில் சுமார் முப்பது இனங்கள் உண்டு. எல்லாம் இந்து மகாசமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் உள்ளவையே; அட்லாண்டிக்கில் ஒன்றுகூட இல்லை. நண்பர் வீட்டுக்கு வந்த ஆஸெல்லாரிஸ் என்ற இனம் அந்தமான் தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், ஜப்பானின் தென் தீவுகள் வரையில் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் உள்ள ஸேபே என்ற இனம் நிறத்தில் சற்றுக் கறுப்பு.

மாமியார் ராஜ்யம்

ஒரு கடற்சாமந்தியில் ஒரு குடும்பந்தான். குடும்பத்தில் மிகப் பெரியது அம்மா. ஆஸெல்லாரிஸ் இனத்தில் அம்மாளே நாலு அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. அடுத்த அளவு அப்பா. அவருக்குக் கீழே படிக்கட்டு மாதிரி, ஒன்றைவிட ஒன்று சிறியதாக, இரண்டு மூன்று இளையவர்கள். இந்த இளையவர்கள் அந்தத் தம்பதிகளின் மக்கள் அல்ல. வேறெங்கோ பிறந்து, அலையோடு வந்து, இந்த வீட்டில் ஒதுங்கிக்கொண்டவர்கள். இவர்கள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல, வரிசையில் காத்திருப்பவர்கள்.

பீட்டர் பஸ்டன் என்ற அறிஞர் பாப்புவா நியூ கினியின் கடலில் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து 2003-இல் ஓர் ஆச்சரியமான செய்தியை வெளியிட்டார். வரிசையில் உள்ள ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே உள்ளதைவிடப் பெரிதாகாதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறதாம்! மேலே உள்ளதன் அளவில் சுமார் ஐந்தில் நாலு பங்கு எட்டியதும் நின்றுவிடுகிறது. மேலே உள்ளது போனால்தான் இது வளரத் தொடங்கும். மீறி வளர்ந்தால் வீட்டை விட்டு விரட்டிவிடுவார்கள். சாமந்திக்கு வெளியே கோமாளி மீனின் ஆயுள் வெகு சொற்பம்.

அம்மா இறந்துவிட்டால் என்ன ஆகிறது? இதுதான் கதையின் உச்சம். அப்பா அம்மாவாகிவிடுகிறார். பேச்சுக்குச் சொல்லவில்லை, சில வாரங்களிலோ மாதங்களிலோ உடல் முழுவதும் பெண்ணாக மாறி, பிறகு முட்டையும் இடுகிறது. வரிசையில் அடுத்து நின்றது ஆணாகி, புருஷ ஸ்தானத்தை ஏற்கிறது. ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே என்ற இரு அறிஞர்கள் இதை 1977-இல் விளக்கமாக எழுதினார்கள். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தில், தாயை இழந்த குஞ்சைத் தேடித் தந்தை சமுத்திரமெல்லாம் அலைகிறதல்லவா? சாஸ்திரப்படி எடுத்திருந்தால் பாதிப் படத்துக்குள் அந்தத் தந்தை தாயாக மாறியிருக்க வேண்டும்.

இதை நாம் எடுத்துச் சொன்னபோது நண்பரின் தாயார் சிறிது நேரம் யோசித்தாள். "மச்சாவதாரம் கேள்விப்பட்டிருக்கிறேன், மோகினி அவதாரமும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்ததை இப்போதுதான் கேட்கிறேன்!" என்றாள்.

கோமாளி மீனுக்கு எண்ணத் தெரியும் என்றும் ஒரு செய்தி உண்டு. ஓகினாவாவில் கினா ஹயாஷி என்ற பெண்மணியும் அவருடைய கூட்டத்தாரும், முட்டையிலிருந்தே சோதனைச்சாலையில் வளர்ந்த குஞ்சுகளின் முன், பட்டை தீட்டிய சிறு வில்லைகளைக் காட்டினார்கள். பட்டையில்லாத வில்லையைக் குஞ்சுகள் அதிகம் லட்சியம் செய்யவில்லை. தங்களைப் போல் மூன்று பட்டையுள்ள வில்லையின் மேல் கோபித்துப் பாய்ந்தன. தன் இனத்தான்தானே வீட்டுக்குப் போட்டியாக வருவான்! இது 2024-இல் வெளியான ஆராய்ச்சி.

ஒன்றைப் பிடித்தால்

இப்போது பபூனை நினைத்துப் பாருங்கள். அது எந்தக் கடலிலிருந்து வந்ததென்று கடைக்காரர் சொல்லவில்லை, நண்பரும் கேட்கவில்லை. கடலில் பிடித்த மீனாயிருந்தால், ஏதோ ஒரு வரிசையிலிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கப்பட்டது பெண்ணானால், அடுத்தது பெண்ணாக மாறும் வரையில் அந்த வீட்டில் முட்டை கிடையாது. குடும்பம் முழுவதையுமே அள்ளிக்கொண்டு போனால், காவலற்ற சாமந்தியை மற்ற மீன்கள் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு. 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிலிப்பைன்ஸில் மீன் பிடிக்கும் பாறைகளில் கோமாளி மீன்களும் சாமந்திகளும், பிடிக்காத பாறைகளில் இருப்பதைவிடக் குறைந்துபோயிருந்தது தெரிந்தது. அதே தேசத்தில் 1960-க்குப் பின் பல வருஷங்கள், பாறை இடுக்கில் ஒளியும் அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைட் விஷத்தைப் பீச்சும் வழக்கம் இருந்தது. பவளம் செத்தது, பிடிபட்ட மீன்களிலும் பல, வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் செத்தன.

கண்ணாடித் தொட்டி மோகம் புதிதன்று. லண்டனில் ஆனா தைன் என்ற சீமாட்டி 1846-இல் கடலிலிருந்து பவளப் பூச்சிகளைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தாள். அக்காலத்தில் மோட்டார் ஏது? வேலைக்காரி திறந்த ஜன்னலுக்கெதிரே நின்று, பாத்திரத்துக்குப் பாத்திரம் கடல் நீரைத் தினமும் அரைமணிக்கு மேல் ஆற்றி ஆற்றி ஊற்றினாள். நம் ஊரில் காப்பி ஆற்றுவதைப் போல்தான். 1854-இல் ஃபிலிப் கோஸ் இத்தகைய தொட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடனே இங்கிலாந்து முழுவதும் தொட்டிப் பித்துப் பிடித்தது. ஜனங்கள் கூடை கூடையாகக் கடற்கரைப் பாறைக் குழிகளைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். கோஸின் குமாரர் பிற்காலத்தில் தம் பால்யத்தைப் பற்றி எழுதியபோது, அந்தக் குழிகளின் அழகு அழிந்துபோனதையும், அதில் தம் தந்தையின் நூலுக்கு உள்ள பங்கையும் துயரத்துடன் குறிப்பிட்டிருக்கிறார். கடலை நேசித்த ஒருவருடைய நூலினாலேயே கடற்கரை வெறுமையாயிற்று.

இந்தக் காலத்தில் கடலுக்கு வேறு கஷ்டமும் வந்திருக்கிறது. 2023-இல் கடல் நீர் அளவு மீறிச் சூடானபோது, செங்கடலின் நடுப்பகுதியில் ஆராய்ந்த பாறைகளில் சாமந்திகள் வெளுத்துப்போய், அவற்றில் குடியிருந்த கோமாளி மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. அதே வருஷம் பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் 134 மீன்களை மாதந்தோறும் அளந்து பார்த்ததில், சூடு தாங்கப் பெரும்பாலான மீன்கள் தங்கள் நீளத்தையே குறைத்துக்கொண்டது தெரிந்தது. எலும்புள்ள பிராணி சுருங்கிக் காட்டுகிறதென்றால், நிலைமை எவ்வளவு நெருக்கடியாயிருக்க வேண்டும்! இப்படிப்பட்ட சமயத்தில் நம் கூடத்தின் அழகுக்காகப் பாறையிலிருந்து ஒரு மீனைப் பிடுங்குவது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை.

தொட்டியில் பிறந்த மீன்

அப்படியானால் கோமாளி மீனை வீட்டில் வளர்க்கவே கூடாதா? தாராளமாய் வளர்க்கலாம். கடல் அலங்கார மீன்களில் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கக்கூடியவை மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது இதுதான். அமெரிக்காவில் ஃபுளாரிடாவைச் சேர்ந்த மார்ட்டின் மோ 1970-க்குப் பின் முதல் சில வருஷங்களிலேயே விற்பனைக்குக் கோமாளிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டிவிட்டார். நம் நாட்டிலும் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் அறிஞர்களும் இதைச் சாதித்திருக்கிறார்கள். 1909-இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தபோது, காட்டிய கடல் மீன்களெல்லாம் கடலில் பிடித்தவை. இன்று கடலையே காணாத கோமாளி மீனை நாம் வாங்க முடிகிறது.

குஞ்சு வளர்ப்பது எளிதென்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பெண், சாமந்தியின் அடியில் உள்ள மொட்டைப் பாறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒட்டவைக்கிறது. அதன் பிறகு முட்டைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்பாவின் வேலை. செட்டையால் விசிறிக்கொண்டும், கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எறிந்துகொண்டும் ஒரு வாரம் காவலிருக்கும். முதலில் செம்மஞ்சளாயிருக்கும் முட்டைகள் நாளாக ஆகக் கருத்து, கடைசியில் வெள்ளிப் பொடி தூவியது போல் கண்கள் மினுமினுக்கும். அன்று இருட்டியதும் பொரிக்கும். குஞ்சின் வாய் மிகச் சிறிது. முதல் ஆகாரமாக ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கெட்டாத நீர்ப் பிராணிதான் வேண்டும். அந்தப் பிராணிக்கு ஆகாரமாகப் பச்சைப் பாசி வேண்டும். பாசியை வளர்த்து, ரோட்டிஃபரை வளர்த்து, அப்புறம்தான் மீனை வளர்க்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு நாள் தாண்டினால் குஞ்சுகளுக்குப் பட்டை தோன்ற ஆரம்பிக்கும். அதுவரை பிழைக்கவைப்பதே பெரும்பாடு.

பபூன் ஏன் இறந்தது?

நண்பரின் கேள்விக்கு வருவோம். அவர் செய்த தவறு அவசரம் ஒன்றுதான். தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டார். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறு கிருமிகள் அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடைசியில் சொன்னது அதிகக் கெடுதலில்லாதது. அவ்வப்போது நீர் மாற்றினால் போய்விடும். இந்த நல்ல கிருமிகள் புதுத் தொட்டியில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரங்களாகும். அதற்குள் மீனை விட்டு, வேளைக்கு வேளை தீனியும் போட்டால், அது தன் விஷத்திலேயே மூச்சுத் திணறும். தயிருக்கு உறை குத்திவிட்டு உடனே மத்தை எடுக்கலாமா? தொட்டிக்கும் அதே பொறுமை வேண்டும்.

ஒரு ஜோடிக்கு நூறு லிட்டர்த் தொட்டி போதும். சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் உள்ள பல தாதுக்களும் சேர்ந்த உப்பாக விற்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்து, கருவியினால் அளந்து பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது, பலர் உப்பு நீரை ஊற்றி நிரப்புகிறார்கள். நீர்தானே ஆவியாகிறது, உப்பு போவதில்லையே! நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். சூடு 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். சித்திரை வைகாசியில் சென்னையில் இதுதான் பெரிய சங்கடம். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து ஒதுக்கி, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை வைத்தால் ஓரளவு குளிரும். மின்சாரம் போகும் நேரங்களுக்குப் பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

கடற்சாமந்தி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதற்குக் கடும் வெளிச்சமும் பழகிய தொட்டியும் தேவை. புதிதாய் வளர்ப்பவர் கையில் அது வாடிவிடும். தொட்டியில் கோமாளி மீனைத் தின்ன வருவார் யாருமில்லையாதலால் சாமந்தியில்லாமலே அது சுகமாய் வாழும். பவளத்தை மட்டும் கடலோரத்திலிருந்து எடுத்துவந்து வைக்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பவளங்கள் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. குயவர் கடைப் பூந்தொட்டி ஒன்றைப் படுக்கவைத்தால் போதும்.

நண்பர் அப்படித்தான் செய்தார். தொட்டியை ஆறு வாரம் மீனில்லாமலே ஓடவிட்டார். பிறகு, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததென்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, இரண்டு குஞ்சுகளை வாங்கினார். ஆண் எது, பெண் எது என்று பொறுக்கும் தொல்லை இந்த ஜாதியில் கிடையாது. இரண்டில் பெரியதாக வளர்வது பெண்ணாகிவிடும், மற்றது ஆண்.

போன மாதம் பூந்தொட்டியின் உட்புறத்தில் செம்மஞ்சளாக ஒரு திட்டு. குழந்தைக்கு இப்போது பதினாலு வயது. ஒரு வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி ஓடி வந்து பார்த்தாள். ஏழாம் நாள் இரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். எட்டு மணி சுமாருக்கு அவள் மெதுவாக டார்ச்சைத் திருப்பினாள். வெளிச்சத்தில் கண்ணாடி ஊசிகள் போல நூற்றுக்கணக்கில் மிதந்தன. காலையில் ஒன்றுமில்லை, மோட்டார் உறிஞ்சியவை போக, மீதியைத் தின்ன மீன்களுக்கா தெரியாது?

அவள் அழவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முட்டையிடும் என்று எங்கோ படித்திருக்கிறாளாம். நேற்று நாம் போனபோது ஊஞ்சலில் உட்கார இடமில்லை. பச்சைத் தண்ணீர் நிரம்பிய பத்துப் பாட்டில்கள் அதன் மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.